மூன்று கை வீரன்

கல்யாணமாகி பொம்மனஹள்ளிக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. என் ஊர் திருப்பத்தூர். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். கணவர் ஒசூர் ரோட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தார். காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர இருட்டிவிடும். எங்கள் தெருவில் தமிழ் பேசுகிற பெண்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லோரும் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவர்கள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு தெருவில் நாய்களும், கட்டி முடிக்காத வீடுகளின் ஜல்லிக் குவியல்களும்தான்.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மண்டியா பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவர். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார், மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில். அந்த அம்மாளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. எனக்குக் கன்னடம் புரியவும் புரியாது, வரவும் வராது. ஆகவே எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் ஒரே சொல்லில் முடிந்துவிடும். தொட்டி நிரம்பி வழிந்தால் கீழேயிருந்து "நீரு! நீரு!" என்று கத்துவார். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவேன்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அமெரிக்கா போன நண்பர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. கூடவே ஒரு சி.டி., நிறைய கேம்கள் அடைத்தது. அதில் ஒன்றைத்தான் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வீரன். முழுக்க முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனவன். முகம் என்று பார்த்தால் மூன்று சதுரம்தான், அதில் ஒன்று கறுப்பாக இருக்கும், அதுதான் கண். தோளில் சிவப்புத் துண்டு. கையில் வாள். ஏழு கோட்டைகளைக் கடந்து போய் ஒரு கழுகுத் தலை ராஜாவைக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை.

கதை சின்னது, ஆட்டம் கொடூரம். ஒரு கோட்டைக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் அந்தக் கோட்டையை வாசலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நடுவில் எங்கேயும் நிறுத்தி வைக்க முடியாது, ஒரு கோட்டையை முடித்தால்தான் பதிவாகும். வௌவால் ஒன்று மேலே இடித்தால் உயிர் போகாது, ஆனால் வீரன் இரண்டடி பின்னால் தள்ளப்படுவான். பின்னால் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளங்களை வைத்தவனுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ தெரியாது.

கணவர் மூன்றாவது கோட்டையில் நின்றுபோனார். பல ஞாயிற்றுக்கிழமை முயன்றுவிட்டு ஒருநாள் எழுந்து சோம்பல் முறித்தார்.

"இது ஆகாத கேம். வேணும்னே இப்பிடி பண்ணி வெச்சிருக்கான்."

"நான் ஆடிப் பாக்கட்டுமாங்க?" என்றேன்.

"நீயா? நான் காலேஜ்ல கேம் ஆடறதுல பேர் வாங்கினவன். என்னாலயே முடியல, உன்னால எங்க முடியப்போவுது? போய் டிவி பாரு."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் சொன்னார், போய்ப் படுத்தும்விட்டார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன கையோடு, பாத்திரம் தேய்க்காமல், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

புது ஆட்டம் தொடங்கி, முதல் கோட்டையின் முதல் படியிலேயே செத்தேன். எலும்புக்கூடு ஒன்று நடந்து வந்தது, நான் எந்தக் கீயை அழுத்துவது என்று குனிந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுபடியும் செத்தேன். இந்த முறை குனியவில்லை, ஆனால் தாண்டுவதற்குப் பதில் வாளை வீசினேன். அடுத்த முறை சரியாகத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தேன். மதியம் வரை இதேதான். எழுந்தபோது தோள் வலித்தது, ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டிருந்தது. இந்த ஆட்டம் ஏமாற்றவில்லை. எலும்புக்கூடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் திரும்பியது. வௌவால் அதே தூணுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. எதுவும் என்னைப் பார்த்து இரக்கப்படவில்லை, எதுவும் பொய்யும் சொல்லவில்லை. நான் செத்தால் அது நான் செய்த காரியம். புது ஊரில், புது வீட்டில், எதற்கு யார் என்ன நினைப்பார்கள் என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இது வேணும்னே பண்ணினதுதான். ஆனால் ஆகாத கேம் இல்லை.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மூன்றாவது கோட்டைக்கு வந்துவிட்டேன். சாகும்போதெல்லாம் எனக்கே தெரியாமல் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வீட்டுக்கார அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஏனம்மா இது சத்த?"

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே கையைக் காட்டினேன். அவர் நேராக உள்ளே வந்து திரையைப் பார்த்தார். வீரன் கோட்டை வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நாம் எதுவும் செய்யாமல் இருந்தால் அவன் தோள் ஏறி இறங்கும், அதற்கு இரண்டே இரண்டு சதுரம் மேலும் கீழும் நகரும். அந்த அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு இவனு?"

நான் உட்கார்ந்து ஆடிக் காட்டினேன். முதல் வௌவாலை வெட்டினேன், இரண்டாவது வௌவால் என்னைப் பள்ளத்தில் தள்ளியது.

"அய்யோ, சத்தோதா!" என்றார். செத்துப்போய்விட்டான் என்று அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. பிறகு விரலைச் சுழற்றி, "மத்தே. மத்தே ஆடு" என்றார்.

மறுபடி ஆடினேன். அன்று அவர் சமையலறையிலிருந்து ஸ்டூலைத் தானே எடுத்துவந்து போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சத்தம் போட்டதைக் கண்டிக்க வந்தவர், என்னைவிட அதிகமாகச் சத்தம் போட்டார். "ஹாரு! ஹாரு!" என்றால் தாண்டு. "ஹொடி!" என்றால் அடி. "தாளு, தாளு" என்றால் பொறு. மாலைக்குள் எனக்கு அந்த மூன்று சொல்லும் கை வழியாக உள்ளே போய்விட்டன.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் ஒரு தட்டில் நிப்பட்டு கொண்டுவந்தார், நம் ஊர்த் தட்டைதான். நாலைந்து நாளில், தானும் ஆட வேண்டும் என்று சைகை செய்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். பாவம், இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய அவருக்கு வரவில்லை. வீரனை நடக்க வைத்தால் வாள் நின்றுவிடும், வாளை வீசினால் கால் நின்றுவிடும். எரிச்சலில் கீபோர்டை ஒரு தட்டு தட்டினார். பிறகு யோசித்துவிட்டு, ஸ்டூலை என் இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாளுக்கான கன்ட்ரோல் கீயை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். அது கீபோர்டின் இடது ஓரத்துக் கீழ்மூலையில் இருக்கிறது.

"இது நந்து. நீனு ஹாரு, நானு ஹொடீதீனி."

இது என்னுடையது, நீ தாண்டு, நான் அடிக்கிறேன். அப்படித்தான் ஆரம்பித்தது. என் வலது கை அம்புக்குறிக் கீக்களில், அவனை நடத்த. என் இடது கை ஸ்பேஸ் பாரில், தாண்ட. அவருடைய வலது கை மூலையில், வெட்ட. கண்ணாடி வளையல் என் மணிக்கட்டில் உரசிக்கொண்டே இருக்கும்.

முதலில் தனியாக ஆடியதைவிட மோசமாக ஆடினோம். நான் முன்னால் போக நினைக்கும்போது அவர் வெட்டுவார், அவர் வெட்ட நினைக்கும்போது நான் பின்வாங்கியிருப்பேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் சொல்வது மற்றவர் கைக்குப் போகத் தொடங்கியது. தூணுக்குப் பின்னாலிருந்து வரும் வௌவாலை நான் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எப்போதும் தவறவிட்டிருந்தேன். அவருக்குக் கால் வேலை இல்லை, எனவே வௌவாலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது கோட்டையின் கதவு திறந்தபோது இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் கேமைத் திறந்தார். நான்காவது கோட்டை வாசல் வந்தது.

"இது யார் பண்ணினது?"

"நாங்கதான்," என்றேன்.

"நாங்கன்னா?"

"நானும் கீழ் வீட்டு ஆன்ட்டியும்."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பல் தேய்க்கப் போய்விட்டார்.

நான்காவது கோட்டையில் தண்ணீர். ஐந்தாவதில் கல் அரக்கன். அவனுக்கே எங்களுக்கு மழைக்காலம் முழுக்கப் போனது, ஏனென்றால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதிக் கோட்டையில் திரை கறுத்துப் போனால் அந்த அம்மாள் கரண்ட் ஆபீசைத் திட்டும் வார்த்தைகளையும் நான் கற்றுக்கொண்டேன். கரண்ட் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில்தான் நாங்கள் உண்மையில் பேசினோம். இந்த மாடி வீட்டைக் கட்டும்போது தினமும் மேஸ்திரிகளுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சுவரை மூன்று முறை இடித்துக் கட்ட வைத்ததைச் சொன்னார். எந்தச் சுவர் என்று கேட்டேன். எழுந்து போய் எங்கள் படுக்கையறைச் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். நான் வேலைக்குப் போக வேண்டும், டீச்சராக வேண்டும் என்று சொன்னேன். பாதி தமிழ், பாதி கன்னடம். "ஹோகு, யாரு பேடா அந்தாரே?" என்றார். போ, யார் வேண்டாம் என்கிறார்கள்? யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான். நான்தான் எங்கேயும் போய்க் கேட்கவில்லை.

ஆறாவது கோட்டையை முடித்த சமயத்தில் கணவருக்கு வேலை போயிற்று. அமெரிக்காவில் கம்பெனிகள் மூடுகின்றன என்று பேப்பரில் படித்துக்கொண்டிருந்தோம், அது ஒசூர் ரோடு வரை வந்து சேர்ந்தது. ஒரு நாள் மதியமே பஸ் இல்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் அவருடைய காபிக் கோப்பையும் இரண்டு புத்தகமும் இருந்தன.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அவருடையதாயிற்று. காலையிலிருந்து மாலை வரை மெயில் அனுப்புவார், பதிலுக்குக் காத்திருப்பார். சவரம் செய்வதை விட்டுவிட்டார். ஆண்பிள்ளை வீட்டில் இருக்கிறார் என்று வீட்டுக்கார அம்மாளும் மேலே வருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் எனக்கு இந்த ஊருக்கு வந்த புதிதில் இருந்தது போலவே இருந்தது.

நான் சும்மா இருக்கக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு, பேகூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை சிரித்த முகத்தோடுதான் இருந்தார். ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு, "கன்னடா பருத்தா?" என்றார். தெரியும் என்றேன். சரி, ஒரு குழந்தைக்குக் கழித்தல் கணக்கை விளக்குவது போல எனக்கு விளக்குங்கள் என்றார். நான் பலகையில் எழுதிக்கொண்டே பேசினேன். நடுவில் அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். யோசிக்காமல் கையைக் காட்டி, "தாளு, தாளு!" என்றேன்.

அறையில் இருந்த இன்னொரு டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலைமை ஆசிரியையின் சிரிப்பு போய்விட்டது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு விளக்கினார். நான் கற்ற கன்னடமெல்லாம் அந்தச் சதுர வீரனிடம் பேசிய கன்னடம். எல்லாமே ஒருமை, எல்லாமே அதட்டல். தலைமை ஆசிரியையைப் பார்த்து "இருடி" என்று சொன்ன மாதிரி ஆகியிருக்கிறது.

"தாளு அல்ல. தாளி. ஹோகு அல்ல, ஹோகி. பா அல்ல, பன்னி."

"'வாங்க'ங்கறதுக்குப் பன்னியா? அத எப்பிடி ஆன்ட்டி நான் ஒருத்தரப் பாத்துச் சொல்லுவேன்? எங்க ஊர்ல அடிக்க வருவாங்க."

அதற்கும் ஒரு சிரிப்பு. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. எழுந்தார், கதவைச் சாத்தினார், என்னை முன்னால் விட்டு மாடிப்படி ஏறினார். கணவர் கம்ப்யூட்டர் முன்னால் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அறை வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"தம்பி, நீ ஏளு. ஒரு கண்டெ நம்து. இவளுக்கு பாட இருக்கு."

எழுந்திரு, ஒரு மணி நேரம் எங்களுடையது, இவளுக்குப் பாடம் இருக்கிறது. கணவர் என்னைப் பார்த்தார். அவர் எழுந்துகொண்டார்.

அன்று முதல் அந்த வீரனுக்கு மரியாதை கிடைத்தது. "ஹாரி! ஸார், ஹாரி!" "ஹொடீரி!" "ஸ்வல்ப தாளி, வௌவால் பருத்தே!" தவறி ஒருமையில் சொன்னால் அந்த அம்மாள் கன்ட்ரோல் கீயிலிருந்து கையை எடுத்துவிடுவார், வீரன் நிராயுதபாணியாக நின்று சாவான். அந்தப் பயத்தில் என் வாய் திருந்தியது. கணவர் முதலில் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். பிறகு வாசல்வரை வந்து நின்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

ஏழாவது கோட்டையின் கழுகுத் தலை ராஜா எங்களைப் படாதபாடு படுத்தினான். அவன் தனியாக எதுவும் செய்ய மாட்டான். நாம் தாண்டினால் அவனும் தாண்டுவான். நாம் வாளை வீசினால் அவனும் வீசுவான், இரண்டு வாளும் மோதி வீரன் பின்னால் தெறிப்பான். பின்னால் பள்ளம். அதுவரை எங்களைக் காப்பாற்றிய ஒத்துழைப்பெல்லாம் அவன் முன்னால் செல்லாக்காசு ஆகிவிட்டது. எத்தனை நாள் அப்படிச் செத்தோம் என்று எண்ணவில்லை. அந்த அம்மாள் ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. செத்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "மத்தே" என்பார்.

ஒருநாள் கணவர் எங்கள் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னார்: "கொஞ்சம் எழுந்திரிங்க. ரெண்டு நிமிஷ வேலை."

அவர் அந்தக் கேமின் ஃபைல் எதையோ திறந்து ஏதோ எண்ணை மாற்றினார். இனி உயிர் குறையாது, வாள் பட்டாலும் வலிக்காது என்றார். வேலை போனதிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை. அதனால் மறுக்க மனம் வரவில்லை. உட்கார்ந்து ஆடினோம். வௌவால்கள் இடித்தன, ஒன்றும் ஆகவில்லை. எலும்புக்கூடுகளின் நடுவே வீரன் கடைத்தெருவில் போவது போலப் போனான். ராஜாவின் அறைக்கு முன்னால் வந்ததும் அந்த அம்மாள் கீயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"பேடா தம்பி. இதுரல்லி ஏனு இதே?"

இதில் என்ன இருக்கிறது? அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரையில் இருந்தவன் எங்கள் வீரன் மாதிரியே இருந்தான், ஆனால் அவனுக்கு நாங்கள் தேவைப்படவில்லை. கணவர் உட்கார்ந்து எண்ணைப் பழையபடி மாற்றினார். எழுந்துபோகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"இன்னொரு வாட்டி ஆடுங்க. நான் பாக்கறேன்."

ஆடினோம், செத்தோம். மறுபடி ஆடினோம். அவர் திரையைப் பார்க்கவில்லை, எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ 'ஹாரி'ன்னு கத்தறப்பவே ஆன்ட்டி விரல் அழுத்திடுது. சத்தம் கேட்டா அவங்களுக்குக் கை தானா போவுது. அந்த ராஜா தாண்டும்போது வெட்டினா வாள் மோதும். கீழ காலை வெக்கறப்பதான் வெட்டணும். நீங்க கத்தாம ஆடிப் பாருங்க."

இத்தனை மாதம் கத்திக் கத்தியே ஆடிப் பழகியவர்கள் நாங்கள். வாயை மூடிக்கொண்டு ஆடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் இடது கையால் தன் வாயையே பொத்திக்கொண்டார். ஆனாலும் நான் ஸ்பேஸ் பாரை அழுத்தும் சத்தத்துக்கே அவர் விரல் துடித்தது. அதை அடக்க இன்னும் சில நாள் பிடித்தது.

இதற்கிடையில் மடிவாளா பக்கம் இன்னொரு பள்ளிக்குப் போய்வந்தேன். பி.எட். இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அழுகை வரும்போல் இருந்தது, ஆனால் வரவில்லை. அடுத்தது எந்தப் பள்ளி என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதற்கு அடுத்த வாரம், கூட்லு பக்கம் ஒரு பள்ளியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை நிறுத்திப் பின்னம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். பின் பெஞ்சில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். ஏதோ கேட்க எழுந்தார். "ஸ்வல்ப தாளி ஸார்," என்றேன். அவர் உட்கார்ந்துகொண்டார். ஜூன் மாதம் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

பள்ளி திறந்துவிட்டால் பகலில் ஆட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மே மாத மதியங்களில் அந்த அம்மாள் சாப்பிட்ட கையோடு மேலே வந்துவிடுவார்.

முடிந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. இடி வேறு. எந்த நிமிடமும் கரண்ட் போய்விடும் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் ராஜாவின் அறைக்கு வந்தபோது ஓர் உயிர்தான் மிச்சம். யாரும் பேசவில்லை. நான் தாண்டினேன், அவனும் தாண்டினான். என் பக்கத்தில் அந்த விரல் கீயின்மேல் அசையாமல் இருந்தது. அவன் கால் தரையைத் தொட்டது. விரல் விழுந்தது. முதன்முறையாக வாள் மோதாமல் அவன் உடம்பில் பட்டு, அவன் வெள்ளையாக ஒரு முறை மின்னினான். மறுபடி தாண்டினேன். மறுபடி பட்டது. எனக்கு அந்தக் கை இன்னொருவருடையது என்ற நினைப்பே போய்விட்டிருந்தது. கடைசி வெட்டில் ராஜா சதுரம் சதுரமாக உதிர்ந்தான். உதிர்ந்து முடியும்வரை நாங்கள் நம்பவில்லை.

"கெத்வி," என்றார் அந்த அம்மாள், மெதுவாக. ஜெயித்துவிட்டோம். பிறகு தெருவுக்கே கேட்கும்படி: "கெத்வி!" கணவர் கையைத் தட்டினார். நான் அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டேன். நிப்பட்டு வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் வந்தது.

திரையில் கோட்டைக்குப் பின்னால் சூரியன் உதித்தது. மஞ்சள் சதுரங்கள். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. நான் படித்துச் சொன்னேன்: நாடு காப்பாற்றப்பட்டது, நன்றி.

"அஷ்டேனா?" என்றார். அவ்வளவுதானா?

"அவ்வளவுதான் ஆன்ட்டி."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஸ்டூலை எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்தார். மழை வருவதற்குள் வடாம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை மேலே வந்திருக்கிறார், நானும் கீழே போயிருக்கிறேன். அவர் அந்த ஆட்டத்தைக் கேட்கவே இல்லை. கட்டி முடித்த வீடு போல அது அவருக்கு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. கணவருக்கு அந்த ஆண்டு தீபாவளி கழித்துத்தான் வேறு வேலை கிடைத்தது, முன்பைவிடச் சின்னக் கம்பெனியில். அதற்குள் நான் பள்ளியில் பழகிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து கேமைத் திறந்தேன். முதல் கோட்டை, முதல் எலும்புக்கூடு. தாண்டினேன், வாள் வரவில்லை. என் இடது கைக்கு வெட்டவே மறந்துபோயிருந்தது. கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் கச்சிதமாக இருந்தது, சுண்டுவிரல் மட்டும் மூலையிலிருந்த கீயைத் தேடித் தடுமாறியது. செத்தேன்.

கணவர் கட்டிலிலிருந்து கேட்டார். "அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்கு?"

"பாதிதான் நான் ஆடினேன்," என்றேன்.

சுண்டுவிரலைக் கன்ட்ரோல் கீயில் வைத்து, அதை அங்கேயே இருக்கப் பழக்கினேன். வௌவாலையும் நானே பார்க்க வேண்டியிருந்தது, பள்ளத்தையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான் நேரம் கிடைக்கும். மூன்றாவது கோட்டைக்கு வந்து சேரவே தை பிறந்துவிட்டது.